மூச்சுப் பைக்கு மல்லிகைப்பூ

மேசையின் நடுவில், வாழையிலையின் மேல், உயிர் காக்கும் கருவி வீற்றிருந்தது.

அதன் கறுப்பு ரப்பர் பைக்குச் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். மூக்கையும் வாயையும் மூடும் முகமூடிக்கு நெற்றி என்று ஒன்று கிடையாது. இருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடத்தை உத்தேசமாகக் கண்டுபிடித்து அங்கேயும் ஒரு பொட்டு. தொண்டைக்குள் போகவேண்டிய சிவப்புக் குழாயைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை. பக்கத்தில் வாழைப்பழத்தில் குத்திய ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

நான் ஆஸ்பத்திரி வாசற்படியில் நின்றிருந்தேன். தோளில் என் மகள் அனு. அவள் இழுத்த ஒவ்வொரு மூச்சும் தொண்டையில் விசில் அடித்துவிட்டுப் பாதி வழியிலேயே நின்றுபோனது.

ஆயா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்கம்மா, கரெக்டா வந்துட்டீங்க. இன்னும் கற்பூரம் காட்டல" என்று சொல்லி என் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தாள்.

பொரிகடலை. என் மகளின் தொண்டையில் சிக்கியிருந்ததும் அதுதான்.

பொரி நாள்

இந்தத் தொடரில் சேலையூர் வாடகை வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதிய வாரம், குரோம்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "மகளைப் பற்றி எழுதும் இடங்களை மட்டும் ஏன் ஒரே வரியில் தாண்டிவிடுகிறீர்கள்?" தாண்டவில்லை அம்மா. சுற்றிக்கொண்டு போகிறேன். அந்த இடத்தில் கால் வைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கிறது. இந்த வாரம் வைத்துப் பார்க்கிறேன்.

அனு அப்போது முதல் வகுப்பு. சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை இரண்டும் சேர்ந்து வரும் நாள். தாம்பரத்தில் அன்றைக்கு எந்தச் சாமானும் வேலை செய்யாது. பாடப் புத்தகம், கத்தரிக்கோல், தையல் மெஷின், ஸ்கூட்டர், லாரி எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும். மறுநாள் திரும்பப் பூஜை செய்து எடுக்கும்வரை தொடக்கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டைப் பூஜையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் ஒரே நாள் அதுதான்.

என் அப்பாவுக்கு இந்த விஷயத்தில் எல்லை தெரியாது. தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர். வீட்டில் இருந்த அலாரம் கடிகாரத்துக்குப் பொட்டு வைத்துப் பூஜையில் உட்காரவைப்பார். பூஜையில் இருப்பதற்குச் சாவி கொடுக்கக்கூடாது என்பார். அது நின்றுவிடும். மறுநாள் ஆபீசுக்குத் தாமதமாகப் போய், "கடிகாரம் பூஜையில் இருந்தது" என்பார். அவருடைய மேலதிகாரியும் அதை ஏற்றுக்கொள்வார். ஏனென்றால் அவருடைய கடிகாரமும் பூஜையில்தான் இருந்திருக்கும். இப்படிப்பட்ட ஜனங்கள் நாங்கள்.

காலையில் அனுவைப் பக்கத்து சைக்கிள் கடைப் பூஜைக்கு அழைத்துப் போயிருந்தேன். அனுவின் அப்பா தன்னுடைய தொழிற்சாலைப் பூஜைக்குக் கிளம்பிப் போய்விட்டார். கடைக்காரர் குழந்தைகளுக்கெல்லாம் கை நிறையப் பொரியும் பொட்டுக்கடலையும் கொடுத்தார். அனு ஒரே வாயாகப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். சிரிப்பு நடுவில் அறுந்தது.

முதுகில் தட்டினேன். தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். பொரி எல்லாம் வந்துவிட்டது. விசில் மட்டும் நிற்கவில்லை.

தேர் ஊர்வலம்

ஆட்டோ ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையாகப் பூஜைக்கு நின்றிருந்தன. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடிக்குச் சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

"வண்டி பூஜைல கீதுக்கா. இன்னும் சூடம் கொளுத்தல" என்றார் முதல் வண்டிக்காரர். பிறகு அனுவின் முகத்தைப் பார்த்தார். "யம்மா, கொயந்த உதடு ஊதாவாவுதே. குந்துக்கா, குந்து."

"சூடம்?"

"எலுமிச்சம்பயத்துமேல ஏத்துனா போதும். மிச்சத்த சாமி கணக்குல வெச்சுக்கும்."

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். வாழைக்கன்றை அவிழ்க்க நேரமில்லை. இலைகள் முன்னால் விழுந்து வழியை மறைத்தன. அவர் ஒரு கையால் இலையை விலக்கி, மறு கையால் ஓட்டினார். பின்சீட்டு ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன்.

"பட்டன் உடைஞ்சி போய்கீதுக்கா. வண்டி நின்னாதான் அதுவும் நிக்கும்."

கேம்ப் ரோட்டில் எங்களுக்கு வழிவிட்டார்கள். ஆனால் அவசரம் என்று யாருக்கும் தெரியவில்லை. சாமி ஊர்வலம் என்று நினைத்தார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நான் அனுவின் வாயருகே காதை வைத்து விசிலைத் தேடினேன். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. அவள் மார்பில் கை வைத்துக்கொண்டேன். ஏறியது. இறங்கியது. கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி ஏறியது.

ரெடி செட்

அந்த நர்சிங் ஹோமின் பெயர் வேண்டாம். அனு பிறந்ததும் அங்கேதான்.

அதைக் கட்டியவர் கன்னியப்பன். ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் தலைமுறையாக நெல் விளைத்த குடும்பம். வயலெல்லாம் மனைகளாகப் பிரிந்த பிறகு, டாக்டர் மாப்பிள்ளைக்காக ரோட்டோரத்தில் இருந்த துண்டில் ஆஸ்பத்திரி கட்டினார். மாப்பிள்ளை சேகர் மயக்க மருந்து டாக்டர். அவர் பேச்சும் அதே குணம் உடையது. கேட்டுக்கொண்டிருந்தால் கண் சொருகும்.

அந்த டாக்டருக்கு ஒரு கொள்கை இருந்தது. மூச்சு நின்றவன் காத்திருக்கமாட்டான். ஒரு டிராயரில் குழாய், இன்னொன்றில் பல்பு, சாவி யாரிடமோ என்று தேடிக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவான். அதனால் தொண்டைக்குள் வெளிச்சம் போடும் கருவி, நீள இடுக்கி, குழாய், முகமூடி, மூச்சுப் பை எல்லாவற்றையும் முன்கூட்டியே பொருத்தி, கிருமி இல்லாமல் பச்சைத் துணியில் இரட்டைச் சுற்றாகக் கட்டி வைக்கவேண்டும். பிரித்தவுடன் வேலை செய்யவேண்டும். அதற்கு அங்கே 'ரெடி செட்' என்று பெயர்.

பொருத்துவது சுலபம். சுத்தம் கெடாமல் காப்பாற்றுவதுதான் கஷ்டம். அந்தப் பொறுப்பு ஸ்டெல்லா சிஸ்டருடையது.

ஸ்டெல்லா பம்மலிலிருந்து வருகிறவள். தோல் பதனிடும் நெடிக்கு நடுவில் வளர்ந்ததாலோ என்னவோ, சுத்தம் அவளுக்கு இன்னொரு வேதம். ஒவ்வொரு சனிக்கிழமையும் செட்டைப் பிரிப்பாள். கழுவுவாள். ரப்பரையும் இடுக்கியையும் நீராவியில் வைப்பாள். பல்பு, பாட்டரி சமாசாரங்களைக் கண் எரியும் மருந்துப் பெட்டியில் வைப்பாள். கையுறை போட்டுப் பொருத்தி, மூட்டை கட்டி, ஒட்டிய டேப்பின் மேல் கையெழுத்துப் போடுவாள். டேப்பைக் கிழிக்காமல் மூட்டையைப் பிரிக்கமுடியாது. எங்கள் மாடி வீட்டு மாமி மடித்துணியைக் கம்பால் எடுத்து உலர்த்துவாள். யார் மேலும் படக்கூடாது. சிஸ்டரின் மடி அதைவிடக் கடுமை. கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று தும்மிய வார்டுபாயை ஒரு வாரம் மாடிக்கு மாற்றியவள் அவள்.

இத்தனைக்கும் அந்த செட்டை யாருக்கும் பயன்படுத்தவேண்டி வந்ததே இல்லை. நல்ல விஷயம்தானே என்பாள்.

ஆஸ்பத்திரி திறந்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜையில்தான் வம்பு. இதை சிஸ்டர் என்னிடம் நடித்தே காட்டியிருக்கிறாள். பூஜை மேசையைச் சுற்றிப் பார்த்த கன்னியப்பன் கேட்டாராம்:

"இன்னா சிஸ்டரம்மா, வெளக்கமாத்துக்குக் கூடப் பொட்டு வெச்சாச்சு. உயிரக் காப்பாத்துற ஐட்டம் மட்டும் மூளியா கீது?"

"சார், அது ஸ்டெரைல். தொடக்கூடாது."

"நானும் குளிச்சிட்டுதாம்மா வந்துகீறேன்."

"குளிச்சாலும் கூடாது சார்."

"சாமி தொட்லாமா?"

"சாமியா இருந்தாலும் க்ளவுஸ் போட்டுக்கணும் சார்."

கன்னியப்பன் அதை ஏற்கவில்லை. மூட்டையைத் தானே பிரித்து, ஒவ்வொரு உறுப்புக்கும் பொட்டு வைத்தார். அரைத்த சந்தனம் மூச்சுப் பையின் வால்வுக்குள் இறங்கிக் காய்ந்துபோனது. சிஸ்டர் ஊசியால் சுரண்டிக்கொண்டே அழுதாளாம்.

அதற்குப் பிறகு டாக்டரும் அவளும் சேர்ந்து ஒரு சதி செய்தார்கள். கழித்துப்போட்ட சாமான்களை வைத்து இன்னொரு செட். பல்பு போன விளக்கு, விரிசல் விட்ட முகமூடி, விறைத்துப்போன குழாய். அதே பச்சைத் துணி, அதே கட்டு, அதே கையெழுத்து. வருஷம் முழுக்க இந்த டூப் செட் பிரசவ வார்டில் குழந்தைத் துணி அலமாரியில் கிடக்கும். கன்னியப்பன் அந்தப் பக்கம் வரமாட்டார். பூஜைக்கு முந்தைய நாள் இரண்டையும் இடம் மாற்றிவிட்டால், அவர் டூப்புக்குப் பொட்டு வைப்பார். அசல் குழந்தைத் துணிகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கும். பூஜை முடிந்ததும் மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.

அனு பிறந்த சமயத்திலிருந்து சிஸ்டர் எனக்குப் பழக்கம் என்பதால், இந்த ரகசியம் தெரிந்த மூன்றாவது ஆள் நான். அதனால்தான் அன்றைக்குப் பூஜை மேசையைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்று ஆகவில்லை. அது டூப்பு என்று நினைத்தேன்.

கவனமான இரண்டு பேர்

ஆயாவிடம் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தேனா, கீழே போட்டேனா என்று நினைவில்லை. "டாக்டர்" என்று கத்தினேன். பட்டு வேட்டியில், நெற்றியில் பெரிய விபூதிப் பட்டையோடு சேகர் திரும்பினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அனுவைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். காதை மார்பில் வைத்துக் கேட்டார். அவள் உதடு நாவற்பழம் தின்றதைப் போல ஆகிக்கொண்டிருந்தது. கண்கள் என் மேல் இருந்தன. பிறகு என் மேல் இல்லை.

"சிட்டிக்குக் கொண்டு போக நேரம் இல்ல" என்று அவளைப் பக்கத்து அறை மேசையில் கிடத்தினார். "சிஸ்டர், ரெடி செட்."

"இதோ கீதே மாப்ள" என்று கன்னியப்பன் பூஜை மேசையைக் காட்டினார்.

"அது வேணாம் மாமா."

"ஏன் வேணாம்? இப்பதான் பொட்டு வெச்சேன்."

மாப்பிள்ளை சிஸ்டருக்குக் கண்ணைக் காட்டினார்.

சிஸ்டர் பிரசவ வார்டுக்கு ஓடி, பச்சை மூட்டையை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். வந்தவள் அதை அனுவின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனாள். டாக்டர் "சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார். அவள் திரும்பி வந்தாள். ஆனால் கையுறை போட்டுக்கொள்ளாமல் டேப்பைத் தொடவில்லை. கையெழுத்தைச் சரிபார்த்தாள். கிழித்தாள். வெளித்துணி, உள்துணி. எல்லாம் பளபளவென்று இருந்தது. மருந்து நெடி கண்ணைக் கரித்தது. நான் ஏசு, முருகன் இருவரையும் கூப்பிட்டேன்.

டாக்டர் அனுவின் வாயைத் திறந்து விளக்கை உள்ளே விட்டார்.

எரியவில்லை. தட்டினார். எரியவில்லை.

"பல்ப் எரியல சிஸ்டர்."

"எரியணும் டாக்டர். சனிக்கிழமை நானே பார்த்தேனே."

டாக்டர் முகமூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரிசல். இரண்டு பேரும் அந்த விரிசலைப் பார்த்தார்கள்.

"நேத்து சாயந்தரமே மாத்திட்டேனே டாக்டர்" என்றாள் சிஸ்டர்.

"நான் இன்னைக்குக் காலையில மாத்தினேன்" என்றார் டாக்டர்.

மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் இடம் மாற்றினால், எதுவும் இடம் மாறவில்லை என்று அர்த்தம். ஒருத்தராவது அசிரத்தையாக இருந்திருந்தால் பிழைத்திருப்போம். இரண்டு பேருமே பொறுப்பானவர்கள். ஒரு கிருமியும் அண்டாமல் அவர்கள் காப்பாற்றி வைத்திருந்தது குப்பை.

"டார்ச் குடுங்க" என்றார் டாக்டர்.

"பூஜைல இருக்கு டாக்டர்."

"கத்தரிக்கோல்? ஸ்டெதஸ்கோப்?"

"எல்லாமே."

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பிக் கதவு வழியாகப் பூஜை மேசையைப் பார்த்தோம்.

கற்பூரம்

கன்னியப்பன் சரியாக அந்த நேரத்தில் கற்பூரத்தைக் கொளுத்தியிருந்தார். ஒரு கையில் தட்டு, மறு கையில் மணி. அசல் ரெடி செட்டுக்கு முன்னால் தீபம் சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டர் பாய்ந்து செட்டை அள்ளினார். சாமியே எழுந்து ஓடினால் பூசாரி எப்படிப் பின்னால் போவாரோ அப்படி, கன்னியப்பன் தட்டோடும் மணியோடும் பின்னாலேயே வந்தார்.

"மாமா, நெருப்பை வெளிய கொண்டு போங்க. இங்க ஸ்பிரிட் இருக்கு. ஆக்ஸிஜன் இருக்கு."

"கற்பூரத்த ஊதி அணைக்கக் கூடாது மாப்ள."

"அணைக்க வேணாம். வெளிய போங்க."

அவர் மணி பிடித்த கையால் தீபத்தை மறைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். மணியை நிறுத்த மறந்துவிட்டார். கணகணவென்று அது வாசல் தாண்டிப் போனது.

டாக்டர் மல்லிகையை அறுத்து எறிந்தார். சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தாள். துடைக்கத் துடைக்கச் சந்தனம் பரவியதே தவிரப் போகவில்லை.

"டாக்டர், இது ஸ்டெரைல் இல்ல" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

"தெரியும். குடுங்க."

விளக்கு எரிந்தது. பல்பின் மேல் குங்குமம் ஒட்டியிருந்ததால் அனுவின் வாய்க்குள் செக்கச்செவேலென்று வெளிச்சம். விசில் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டார். வெளியே எடுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி விட்டார்.

அப்போது அனுவின் கடைவாயிலிருந்து சிவப்பாக ஒன்று வழிந்து தாடையில் இறங்கியது.

"ரத்தம்" என்றேன். சொன்னது நான்தானா என்றுகூடத் தெரியவில்லை. சுவர் என் முதுகுப் பக்கம் வந்து மோதியது.

"ரத்தம் இல்லக்கா, குங்குமம்" என்றாள் சிஸ்டர். ஆறுதலாகத்தான் சொன்னாள். பிறகு அவளுக்கே தாங்கவில்லை. "அதுக்கு ரத்தமே தேவல" என்றாள்.

இடுக்கி வெளியே வந்தது. நுனியில் ஒரு பொட்டுக்கடலை. முழுசு கூட இல்லை, பாதி.

அனு மூச்சு விடவில்லை.

டாக்டர் முகமூடியை அவள் முகத்தில் அழுத்தி, சந்தனம் பூசிய பையைப் பிசைந்தார். மார்பு எழும்பியது. விட்டார், இறங்கியது. பிசைந்தார். அந்த அறையில் பை மட்டும்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டாக்டர், சிஸ்டர், நான், கதவிடுக்கில் நின்ற ஆட்டோக்காரர் யாரும் விடவில்லை. பிறகு அனு முகத்தைச் சுளித்தாள். கையால் முகமூடியைத் தள்ளினாள். தள்ளிவிட்டு, ஊரையே கூட்டுகிற மாதிரி அழுதாள்.

தெருவில் மணிச் சத்தம் இன்னும் வேகமாகக் கேட்டது.

எந்தக் கடைக் குங்குமம்

அசலும் டூப்பும் கன்னியப்பனுக்குத் தெரிந்துபோனது. இரண்டு செட்டும் ஒரே மேசையில் பிரிந்து கிடந்தன. ஒன்றில் பொட்டு, ஒன்றில் விரிசல். அவர் இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ, இத்தினி வருசமா டூப்புக்கா பொட்டு வெச்சிகினு இருந்தேன்?"

சிஸ்டர் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"சொந்த மாமனாரையே ஏமாத்திகீறீங்க மாப்ள. சாமியையும் சேத்து."

"மாமா, அது ஸ்டெரைலா இருக்கணும்கிறதுக்காக..."

"உன் ஸ்டெரைல் எரிஞ்சுதா? என் பொட்டு வெச்சது எரிஞ்சுது பாரு" என்றார்.

 இன்றுவரை யோசித்துவிட்டேன். அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். எங்கே தப்பு என்று அவரிடம் சொல்லிப் புரியவைக்கிற வழிதான் தெரியவில்லை.

ஆனால் சிஸ்டர் விடவில்லை. கடலை வந்துவிட்டது சரி, குங்குமம் உள்ளே போயிருக்குமே. நுரையீரலில் இறங்கிக் காய்ச்சல் வந்தால்? அவள் கன்னியப்பனை நிற்கவைத்து விசாரித்தாள்.

"எந்தக் கடைக் குங்குமம் சார்?"

"கடையில்லம்மா, கோயில் பிரசாதம்."

"மஞ்சள்ல செஞ்சதா, சாயமா?"

"பிரசாதத்த மோந்து பாத்தா வாங்குவாங்க?"

"எத்தனை பேர் கை வெச்சது?"

"ஊரே வெச்சிருக்கும். சாமி குடுத்ததுல இன்னாம்மா கிருமி வரப்போவுது?"

"சாமிகிட்ட இருந்து வராது சார். ஊருகிட்ட இருந்து வரும்."

அனுவை ஊசி போட்டு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். காய்ச்சல் வருமா என்று பார்க்கவேண்டும். தெர்மாமீட்டரையும் பூஜையிலிருந்துதான் எடுத்தார்கள். சிஸ்டர் அதை எத்தனை தடவை கழுவினாள் என்று நான் எண்ணவில்லை. நான் புறங்கையை அனுவின் நெற்றியில் வைப்பேன், பிறகு என் நெற்றியில் வைப்பேன். இரண்டும் சுடுகிற மாதிரியே இருக்கும். தகவல் கிடைத்து ஓடிவந்த அவள் அப்பாவின் நெற்றியையும் தொட்டுப் பார்த்தேன். அவருக்குத்தான் காய்ச்சல் இருந்தது.

மறுநாள் கன்னியப்பன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். அனுவின் தலையைத் தடவினார். பிறகு கேட்டார்: "டீச்சரம்மா, கூடுவாஞ்சேரில லேஅவுட் போட்டுகினு கீறேன். ஸ்டேஷனுக்குக் கிட்ட. பாப்பா பேர்ல ஒண்ணு போட்டு வெக்கிறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தின நாள் காலைக்குப் பிறகு முதல்முறையாக. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் அழுதேன். அவர் பயந்துபோய், "வேணாம்னா வேணாம்மா, அதுக்கேன் அய்வுற" என்று எழுந்தார். போகும்போது டூப் செட்டைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்டார். இத்தனை வருஷம் பூஜை பண்ணியதைக் குப்பையில் போடவிடமாட்டாராம். துணியில் சுற்றி வீட்டுப் பூஜை அறைக்குக் கொண்டுபோனார்.

சிஸ்டரின் பிற்பகல்

ஆக, ஆஸ்பத்திரியில் மிஞ்சியது ஒரே ஒரு ரெடி செட். இனிமேல் குழப்பத்துக்கு வழியில்லை.

அனுவின் கட்டிலிலிருந்து எதிர் அறை தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிஸ்டர் அங்கே செட்டைக் கழற்றிக் கழுவினாள். நீராவி சீறியது. மருந்துப் பெட்டியின் நெடி வராந்தா தாண்டி வந்தது. கையுறை போட்டாள். பொருத்தினாள். பல்பை எரியவைத்துப் பார்த்தாள். கட்டினாள். டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபடியே மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து வந்து அலமாரியைத் திறந்து, மூட்டையை எடுத்து, டேப்பைக் கிழித்துப் பிரித்தாள். விளக்கைப் போட்டாள். எரிந்தது. முகமூடியை வெளிச்சத்தில் பிடித்தாள். விரிசல் இல்லை. பெருமூச்சு விட்டாள். பிரித்துவிட்டதால் இப்போது அது சுத்தமில்லை. மறுபடி கழற்றிக் குழாயடிக்குக் கொண்டுபோனாள்.

மாலைக்குள் இதையே திரும்பத் திரும்பச் செய்தாள். பார்க்கப் பொறுக்காமல் நான் எழுந்து போனேன்.

"சிஸ்டர், ஒரே செட்தானே இருக்கு. அப்புறம் எதுக்குப் பிரிக்கிறீங்க?"

"உள்ள எரியுதான்னு தெரியணும்ல அக்கா."

"கட்டும்போது எரிஞ்சுதே."

"அது அப்போ" என்றாள் சிஸ்டர். "இப்போ?"

நான் கட்டிலுக்குத் திரும்பி வந்தேன்.

அனுவுக்குக் காய்ச்சல் வரவில்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வாரம் முழுக்க ரயிலில் இடிபட்டு வருகிறவள், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டவுடன் ஹால் தரையில் பாயைக்கூட விரிக்காமல் படுத்துவிடுவாள். மின்விசிறிச் சத்தத்தில் அவள் மூச்சு எனக்குக் கேட்காது. தாவணியோ துப்பட்டாவோ காற்றில் ஆடினால், மார்பு ஏறி இறங்குவதும் தெரியாது.

போன ஞாயிறும் அடுப்படி வேலையை விட்டுவிட்டு வந்தேன். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு விரலை அவள் மூக்குக்கு அருகே கொண்டுபோனேன். இன்னும் கொஞ்சம் கிட்டே. இன்னும் கொஞ்சம்.

விரல் பட்டுவிட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இருக்கேம்மா" என்றாள். "போ."